கொழும்பில் ரோட் பைக் பகட்டா?

2024 ஜூன் 22, சனி. ஒரு வாசகர் எழுதியது:

"அக்கா, கோபிக்க வேண்டாம். கொழும்பில் ரோட் பைக் என்கிற வேகச் சைக்கிள் ஓடுவது காசுள்ளவர்களின் பகட்டு என்றுதான் எனக்குப் படுகிறது. பஸ், ஓட்டோ, குழி, மழை. இந்த வீதிகளுக்கு மெல்லிய டயரும் வளைந்த ஹாண்டிலும் எதற்கு? நான் வவுனியாவிலிருந்து கொண்டுவந்த சாதாரண லுமாலா சைக்கிளில்தான் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். ஒரு குறையும் இல்லை."

ஜூன் 23, ஞாயிறு

கோபம் ஒன்றும் இல்லை தம்பி. லுமாலாவில் குறை சொல்ல என்னிடமும் எதுவும் இல்லை. யாழ்ப்பாணத்தில் நான் பள்ளிக்கூடம் போனது கூடை வைத்த லுமாலாவில். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை, பெற்றோல் கண்ணில் படாது. விறகு, நெல் மூட்டை, நோயாளி எல்லாம் சைக்கிளில்தான் போயின. பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் அப்பா ரேடியோ செய்தி கேட்பார். சுற்றுவது என் வேலை. கை சோர்ந்தால் செய்தி நின்றுவிடும், அப்பா சத்தம் போடுவார்.

ஆனால் பகட்டு என்று சொன்னதை விடமாட்டேன். விடிய ஐந்து மணிக்கு வெள்ளவத்தையில் எங்களோடு சேருகிற ஆட்களை நீங்கள் பார்க்கவில்லை. ஒருவர் புறக்கோட்டைத் துணிக்கடையில் கணக்கு எழுதுகிறார். ஒருத்தி தாதி, இரவு வேலை இல்லாத நாட்களில் வருவாள். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் பத்தரமுல்லையிலிருந்து வருகிறார், அவருடையது பழைய இரும்பு பிரேம். பெரும்பாலும் கைமாறி வந்த சைக்கிள்கள்தான். 2022 ஜூன் கடைசியில் ஒக்டேன் 92 பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போய், அந்த விலைக்கும் கிடைக்காமல் வரிசையில் நின்றோமே, அப்போது வேறு வழியில்லாமல் சைக்கிள் எடுத்தவர்கள் எங்கள் கூட்டத்தில் பலர். பெற்றோல் வந்த பிறகும் அவர்கள் சைக்கிளை விடவில்லை.

காலை எட்டு மணிக்குக் காலி வீதியில் ரோட் பைக் ஓடு என்றால் நானும் மாட்டேன். 100ஆம் இலக்க பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு நிறுத்தத்துக்குள் வெட்டி வரும் நேரம் அது. ஐந்துக்கும் ஆறரைக்கும் இடையில் அதே வீதிக்கு வாருங்கள். அகலம் உங்களுக்கே வியப்பாக இருக்கும்.

ஜூன் 26, புதன்

டயர் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

மெல்லிய டயர் என்று தம்பி சொல்வது பழைய 23 மில்லிமீற்றர் அகல டயர். இப்போது பிரான்ஸின் பெரிய சைக்கிள் போட்டியான டூர் டி பிரான்ஸில் ஓடுகிறவர்களே 28, அதற்கு மேலும் போடுகிறார்கள். காற்றை இறுக்கி அடித்த மெல்லிய டயர் கரடான தாரில் துள்ளும். துள்ளத் துள்ள நாம் மிதித்த பலத்தில் ஒரு பங்கு உடம்பைக் குலுக்குவதிலேயே போய்விடும். அகலமான டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் அந்தச் சின்ன மேடு பள்ளங்களை டயரே வாங்கிக்கொள்ளும். 70 கிலோ ஆளுக்கு 28 டயரில் 70 முதல் 75 பிஎஸ்ஐ காற்றழுத்தம் போதும்.

எங்கள் துணிக்கடைக் கணக்காளர் இதை நம்ப மாட்டார். 25 டயரில் 110 அடித்துக்கொண்டு வருவார். ஹவ்லொக் வீதியில் அவருடைய தண்ணீர்ப் போத்தல் ஆடும் சத்தத்தை வைத்தே எவ்வளவு தூரத்தில் வருகிறார் என்று சொல்லிவிடலாம். "ஸ்பீட் வேணும் அக்கா" என்பார். போன வாரம் அந்தப் போத்தல் துள்ளி விழுந்து ஓட்டோ ஒன்றின் கீழே போனது. எல்லோரும் நின்று இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்தினோம். அவரும் தொப்பியைக் கழற்றினார்.

குறைக்கச் சொன்னார்கள் என்று 50க்கு இறங்கவும் கூடாது. குழியின் விளிம்பில் இடிக்கும்போது டியூப் ரிம்மோடு நசுங்கிப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். ஒட்டுப் போடுகிறவர் ஒன்றை மட்டும் கண்டு ஒட்டினால் பாதி வழியில் மறுபடி காற்று இறங்கும். டியூபைத் தண்ணீரில் அமுக்கி முழுச் சுற்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

வடிகால் மூடிகளையும் கவனியுங்கள். கம்பி வீதியின் நீளத்துக்கு ஓடினால் 28 டயரும் உள்ளே இறங்கிவிடும். நுகேகொடைப் பக்கம் களனிவெளி ரயில் பாதையைக் கடக்கும்போது தண்டவாளத்துக்கு நேர்க்குறுக்காகப் போங்கள். மழை நாளில் சாய்ந்து போனால் சக்கரம் வழுக்கும்.

ஜூன் 27

நேற்று எழுதியதில் சேர்க்க வேண்டியது: வால்வு. ரோட் பைக் டியூபில் பெரும்பாலும் மெல்லிய பிரெஸ்டா வால்வுதான் இருக்கும். வீதியோர டயர் கடையின் காற்றுக் குழாய் மோட்டார் சைக்கிள் வால்வுக்குத்தான் பொருந்தும். சின்னப் பித்தளை அடப்டர் ஒன்று விற்கிறார்கள், அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வத்தளைப் பக்கம் ஒருநாள் அது இல்லாமல் நின்ற எங்கள் ஆளுக்கு, டயர் கடை முதலாளியே மேசை லாச்சியைத் துழாவி ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அந்தக் கடைப் பக்கம் போகும்போதெல்லாம் நாங்கள் கை காட்டிவிட்டுத்தான் போகிறோம்.

ஜூலை 4, வியாழன்

நேற்று இரவு தூங்கினீர்களா யாராவது? டூரின் கட்டங்கள் (ஒவ்வொரு நாள் ஓட்டமும் ஒரு கட்டம்) நம் நேரப்படி இரவு ஒன்பது மணி சுமாருக்குத்தான் முடிகின்றன. பிரிட்டனின் கவெண்டிஷ் தன் 35ஆவது கட்ட வெற்றியைப் பெற்றுவிட்டார்! 39 வயதில். பெல்ஜியத்தின் மெர்க்ஸ் 1969 முதல் 1975 வரை வென்ற 34ஐத் தாண்டிவிட்டார். 2021இல் அந்த 34ஐச் சமன் செய்தவர், போன வருடம் விழுந்து காறை எலும்பு உடைந்து வீட்டுக்குப் போனவர். எங்கள் வாட்ஸ்அப் குழு அரை மணி நேரம் அடங்கவே இல்லை. தாதித் தங்கச்சி வார்டில் நின்றபடி ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் நிலவரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்கு அந்த வெற்றியை விடப் பெரிதாகத் தெரிவது இந்த டூரின் முதல் நாள். புளோரன்ஸிலிருந்து ரிமினி வரை. வெயில் தாங்காமல் கவெண்டிஷ் வாந்தி எடுத்தார். பின்தங்கினார். அணிக்காரர்கள் அவரைவிட்டுப் போகாமல் கூடவே நின்று, நேரக் கெடு முடிவதற்குள் இழுத்து வந்து சேர்த்தார்கள். அன்று அவர்கள் தங்கள் பாட்டுக்குப் போயிருந்தால் நேற்றைய வெற்றி இல்லை. வெயிலும் புழுக்கமும் என்றால் என்னவென்று கொழும்புக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏழு மணிக்கே ஜெர்சியைப் பிழியலாம். ஒருவர் வாடினால் எங்கள் கூட்டமும் வேகத்தைக் குறைக்கும். அந்தப் பழக்கத்துக்காகத்தான் நான் இவர்களோடு ஓடுகிறேன்.

ஜூலை 8

"இன்னொரு சைக்கிளின் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் உண்மையிலேயே இலகுவா, அல்லது மனப்பிரமையா" என்று தம்பி கேட்கிறார். நல்ல கேள்வி.

சமதரையில் மணிக்கு 30 கிலோமீற்றரில் போகும்போது நம் பலத்தில் பெரும்பங்கு காற்றைத் தள்ளுவதற்கே செலவாகிறது. அதற்கு வேண்டிய பலம் வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏறும். 30இலிருந்து 35க்குப் போகக் காற்றுக்காக மட்டும் கிட்டத்தட்ட 60 சதவீதம் கூடுதலாக மிதிக்க வேண்டும். முன்னால் ஒருவர் அந்தக் காற்றைக் கிழித்துக்கொண்டு போனால் பின்னால் நெருங்கி வருபவருக்கு அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிச்சப்படும்.

இப்போது தென்மேற்குப் பருவக்காற்று. மரைன் டிரைவில் கொள்ளுப்பிட்டியிலிருந்து தெஹிவளைப் பக்கம் இறங்கினால் காற்று முகத்தில்தான். அப்போதுதான் யார் எப்படிப்பட்டவர் என்று தெரியும். ஐயா, அறுபது தாண்டியவர், முன்னால் போய் நிற்பார். கொஞ்ச நேரம் இழுப்பார், முழங்கையை அசைப்பார், ஒதுங்கிப் பின்னால் வருவார், அடுத்தவர் முன்னால் போவார். யாரும் வாய்திறந்து கேட்பதில்லை.

ஒருவர் மட்டும் முன்னால் வரவே மாட்டார். பெயர் எழுதவில்லை, குழுவில் அவரை டிரெயிலர் என்று கூப்பிடுகிறோம். "நான் கடைசியில் நின்று உங்களைக் காவல் காக்கிறேன்" என்பது அவர் விளக்கம். எல்லோரும் சிரிப்போம். பிறகு தலவத்துகொடைப் பக்கம் ஒருநாள் விடியற்காலையில் நாய்க் கூட்டம் ஒன்று பின்னாலிருந்து பாய்ந்து வந்தது. டிரெயிலர் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தி, இறங்கி, தமிழிலும் சிங்களத்திலும் நாய்களுக்கு ஒரு பிரசங்கமே செய்தார். நாய்கள் நின்றுவிட்டன. அன்றிலிருந்து அவர் கடைசியில் வருவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஜூலை 14, ஞாயிறு

தம்பி இன்று வந்தார்! லுமாலாவில்.

வெள்ளவத்தையிலிருந்து கிருலப்பனை வழியாகத் தியவன்னா ஏரி. நாடாளுமன்றத்தைச் சுற்றியுள்ள வீதிகள்தான் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கூடம். ஜெஃப்ரி பாவா வடித்து 1982இல் திறந்த கட்டடம், சுற்றி நீர், கொக்கு, மூடுபனி. கபரகொய்யா (நீர் உடும்பு) ஒன்று வீதியைக் கடந்தது. அது கடந்து முடியும்வரை வரிசையாக நின்றோம், அவசரப்படுத்தினால் அது நடுவீதியிலேயே படுத்துவிடும். கொழும்பு 2018இல் ராம்சார் உடன்படிக்கையின் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்றது இந்த மாதிரி இடங்களால்தான். அதைக் காரில் போகிறவர்கள் பார்ப்பதே இல்லை.

தம்பி கியர் இல்லாமல் எங்களோடு சமதரையில் நன்றாகவே ஓடினார். ராஜகிரிய மேம்பாலத்தில்தான் மூச்சு வாங்கியது. கொழும்பில் மலை இல்லையே, அந்தப் பாலம்தான் எங்கள் கடுகண்ணாவை மலையேற்றம். ஐயா அவர் பக்கத்திலேயே பேசிக்கொண்டு ஏறினார். தம்பிக்குப் பேச முடியவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். மேலே வந்ததும் இருவரும் வவுனியா ரயில் நிலையத்தைப் பற்றிப் பேசத் தொடங்கி, இறங்கி வரும்வரை நிறுத்தவில்லை. ஐயா அங்கே வேலை பார்த்தவராம்.

"பகட்டு என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன், ஆனால் லுமாலாவை விடமாட்டேன்" என்று தம்பி இப்போது எழுதியிருக்கிறார். விட வேண்டாம். நான் கேட்டதும் அது இல்லை.

ஜூலை 15

நேற்றைய சாப்பாட்டுச் சண்டைக்கு இங்கேயும் தீர்ப்புக் கேட்கிறார்கள். வெள்ளவத்தைக் கூட்டத்துக்குத் தோசையும் சம்பலும். பத்தரமுல்லைக் கூட்டத்துக்குப் பால்சோறும் லுணுமிரிஸும் (மிளகாய்ச் சம்பல்). நடுவில் பாட்டுப் போட்டுக்கொண்டு, பாண் விற்கும் சூன் பாண் ஓட்டோ வந்தது. பதினைந்து பேர் சைக்கிளோடு சூழ்ந்ததும் அந்த மனிதர் முதலில் பயந்தார். பிறகு மாலுபாண் (மீன் பாண்) முழுவதும் தீர்ந்தது. தீர்ப்பு: யார் முதலில் வருகிறாரோ அவரே கடை. ஐயாவுக்கு மட்டும் எங்கே நின்றாலும் சீனி போட்ட பிளேன்டி (பால் இல்லாத தேநீர்) முதலில் வேண்டும்.

ஜூலை 22

ஸ்லோவேனியாவின் போகாச்சார் முடித்துவிட்டார். இத்தாலியின் ஜிரோ போட்டியையும் டூரையும் ஒரே வருடத்தில் வென்றவர், 1998இல் பந்தானிக்குப் பிறகு முதல் ஆள். ஒலிம்பிக் காரணமாகப் பாரிஸில் முடியாமல் நீஸில் முடிந்த டூர். இனி இரவுகள் வெறுமையாக இருக்கும்.

அதனால் துரு பற்றிப் பேசலாம். மரைன் டிரைவில் கடல் பக்கம் ஓடுகிறவர்கள் வீட்டுக்குப் போனதும் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிடுவதை நான் தினமும் பார்க்கிறேன். இந்தக் காற்றில் உப்பு இருக்கிறது, நம் வியர்வையிலும் இருக்கிறது. நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து, செயினுக்கு எண்ணெய் போட்டு, மேலதிக எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும். துடைக்காவிட்டால் அந்த எண்ணெயில் மணல் ஒட்டி, செயினை அரைத்துவிடும். முக்கியமாகச் சீட் போஸ்ட்: அதைக் கழற்றி கிரீஸ் பூசிப் போடுங்கள். அலுமினியப் போஸ்ட் இரும்பு பிரேமுக்குள் உப்பு ஈரத்தில் நாட்பட இருந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும், பிறகு சுத்தியல் வைத்தாலும் வராது. ஐயா வருடாவருடம் கழற்றிப் பூசுகிறார். அவர் பிரேம் எப்படி இத்தனை காலம் நிற்கிறது என்று கேட்டவர்களுக்கு அதுதான் பதில்.

ஜூலை 30, செவ்வாய்

தனிச் செய்தியில் ஒரு பிள்ளை கேட்டது: "அக்கா, எனக்கும் ஆசை. ஆனால் விடிய இருட்டில் தனியாக வரப் பயம். வீட்டிலும் விட மாட்டார்கள்." இதற்குப் பொதுவில் பதில் எழுத அனுமதி வாங்கிவிட்டேன்.

யாழ்ப்பாணத்தில் பெண்பிள்ளை சைக்கிள் ஓடினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எங்கள் ஆசிரியைகள் சேலை கட்டி, குடை பிடித்து, ஒரு கையால் ஓடினார்கள். அப்படி வளர்ந்த எனக்குக் கொழும்பில், ஹெல்மட் போட்ட ஒரே காரணத்துக்காகக் கோயில் வாசலில் கேள்வி வந்தது. "இந்த வயதில் என்ன பிள்ளை இது?" அம்மாவும் முதலில் பேசாமல் இருந்தார். மரைன் டிரைவில் தனியாக ஓடிய நாட்களில், நிறுத்தி வைத்த ஓட்டோவிலிருந்து வார்த்தைகள் வந்தன. அவற்றை இங்கே எழுத மாட்டேன். வீட்டுக்கு வந்து அழுததும் உண்டு.

ஆகவே பயப்படாதே என்று சொல்ல மாட்டேன். தனியாக வராதே என்று சொல்கிறேன். எங்கள் கூட்டத்தில் இப்போது பெண்கள் இருக்கிறோம். தெஹிவளையிலிருந்து ஒரு முஸ்லிம் தங்கச்சி தலைத்துணியின் மேல் ஹெல்மட் போட்டு, முழுக்கைச் சட்டையில் வருகிறாள். மேட்டில் அவளைப் பிடிக்க ஆண்கள் திணறுகிறார்கள். அவளுடைய வாப்பா முதல் மாதம் முழுவதும் மோட்டார் சைக்கிளில் எங்கள் பின்னாலேயே வந்தார். பிறகு "தூக்கம் வருகிறது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று விட்டுவிட்டார். உன் வாசலில் வந்து கூட்டிக்கொண்டு, திரும்ப வாசலில் விடுவோம். அப்பாவோ அண்ணாவோ பின்னால் வந்தாலும் வரட்டும். பிளேன்டி வாங்கிக் கொடுப்போம்.

ஒரு விஷயம் கடைகளில் சொல்ல மாட்டார்கள்: சீட். சைக்கிளோடு வரும் சீட் பெரும்பாலும் ஒடுக்கம். பல பெண்கள் வலி தாங்காமல் விட்டுவிடுவது இதனால்தான், பலவீனத்தால் இல்லை. அலை அலையான காட்போட் மட்டையைக் கதிரையில் வைத்து அதன்மேல் நன்றாக உட்கார்ந்து எழும்பு. இரண்டு பள்ளம் விழும். அவற்றின் நடுவுக்கு நடு அளந்து, அதைவிடக் கொஞ்சம் அகலமான சீட் கேள். கடைக்காரர் சிரித்தால் வேறு கடைக்குப் போ.

ஜூலை 31

நேற்றைய குறிப்புக்கு வந்த பதில்களை வாசித்துக்கொண்டிருக்கிறேன். மட்டக்களப்பிலிருந்து ஒரு அக்கா, மன்னாரிலிருந்து ஒரு ஆசிரியை. எல்லாவற்றுக்கும் மெதுவாகப் பதில் போடுவேன். டிரெயிலர் எழுதியது மட்டும் இங்கே: "அக்கா, அந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்கள், கடைசியில் நான் இருக்கிறேன்."

ஆகஸ்ட் 5, திங்கள்

தம்பி பழைய ரோட் பைக் ஒன்று பார்க்கப் போகிறாராம். லுமாலாவும் இருக்கும், இதுவும் இருக்கும் என்று வீட்டில் சொல்லியாகிவிட்டதாம். நல்லது.

பெயின்டைப் பார்த்து மயங்க வேண்டாம். ஹாண்டில் பக்கம் குழாய்கள் சேரும் இடத்தையும், பெடல் அச்சுப் பக்கத்தையும் டோர்ச் அடித்துப் பாருங்கள், முடிபோல ஒரு கோடு தெரிந்தாலும் விட்டுவிடுங்கள். செயினில் ஒரு பின்னின் நடுவில் அடிமட்டத்தின் பூச்சியத்தை வைத்தால் 12 அங்குலத்தில் இன்னொரு பின்னின் நடு சரியாக விழ வேண்டும். ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளியிருந்தால் செயின் முடிந்துவிட்டது, பல்சக்கரமும் தேய்ந்திருக்கலாம், அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். பெடல் அச்சுக்குக் கீழே தொடர் இலக்கம் இருக்கும். அது சுரண்டப்பட்டிருந்தால் பேசாமல் வந்துவிடுங்கள், யாரோ ஒருவர் தன் சைக்கிளைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

அளவு மிக முக்கியம். சின்ன பிரேமில் சீட்டை உயர்த்தி ஓடலாம் என்பார் விற்பவர். முதுகு உங்களுடையது. பாரம் பற்றிக் கவலை வேண்டாம். தொழில்முறைப் போட்டிகளிலேயே 6.8 கிலோவுக்குக் கீழே விடமாட்டார்கள். நமக்கு ஒன்பது, பத்து என்றாலும் போதும், மிச்சக் காசுக்கு நல்ல டயர் போடுங்கள்.

ஆகஸ்ட் 7

கணக்காளர் 28 டயருக்கு மாறிவிட்டார்! 80 பிஎஸ்ஐ. போத்தல் சத்தம் இல்லாததால் அவர் பின்னால் வருவதே தெரியவில்லை. மணி ஒன்று பூட்டச் சொல்லியிருக்கிறோம்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

19ஆம் திகதி நிக்கினிப் பௌர்ணமி, விடுமுறை. லோலெவல் வீதியால் கடுவெல தாண்டி ஹங்வெல்ல வரை ஓடுவோம். களனி கங்கை இடது பக்கம் கூடவே வரும், போக மட்டும் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். காலை ஐந்துக்கு வெள்ளவத்தை இராமகிருஷ்ண வீதி முனை. பத்தரமுல்லைக் கூட்டம் கொஸ்வத்தையில் சேரும். விகாரைக்குப் போகிறவர்கள் வெள்ளை உடுப்போடு வீதியோரம் நடப்பார்கள், அவர்களைக் கண்டதும் வேகத்தைக் குறையுங்கள், மணி அடித்து விரட்ட வேண்டாம். ஆளுக்கு இரண்டு டியூப், முன்னுக்கும் பின்னுக்கும் லைட். தம்பி எந்தச் சைக்கிளில் வந்தாலும் சரி. அந்தப் பிள்ளையும் வருகிறாள், அவளுடைய அண்ணா ஸ்கூட்டரில் வருவார், பெற்றோல் அடித்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். மழை என்றால் நாலரைக்குக் குழுவில் எழுதுவேன், அதற்கு முன் என்னை எழுப்ப வேண்டாம்.